சிறுநீரக நோயாளியின் வரவு செலவுக் கணக்கு
வீட்டுச் சிகிச்சைக்கு உதவும் கைப்பேசிக் கருவி எவ்வாறு அமைய வேண்டும்? – உறுப்பினர் கல்விப் பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கேயாகும். அங்கத்தினருக்குக் கொடுத்த நூல் எத்தனை கிலோ, அவர் நெய்து கொணர்ந்த துணி எத்தனை கிலோ, இடையில் போன கழிவு எவ்வளவு என்பது அன்றன்றே ஏட்டில் ஏறாத சங்கம் நெடுநாள் நிலைத்ததில்லை. மனித உடலும் இத்தகையதொரு சங்கமே. உண்பதும் பருகுவதும் வரவு; கழிவாக வெளியேறுவது செலவு. இவ்விரண்டையும் இரவு பகலாகச் சரிபார்க்கும் கணக்கர்கள் நம் முதுகுப்புறத்தில், விலா எலும்பின் கீழே, கைமுட்டியளவில் அமைந்துள்ள இரண்டு சிறுநீரகங்கள். அவை பழுதுபட்டால் அக்கணக்கை வேறொருவர் எழுதியாக வேண்டும்.

அண்மைக் காலத்தில் இக்கணக்கை நோயாளியே தம் வீட்டில் எழுதவும், தொலைவிலிருக்கும் வைத்தியர் அதனைக் கைப்பேசி வாயிலாகப் படிக்கவும் வசதிகள் பிறந்துள்ளன. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழும் நம்மவர்க்கு இவ்வசதி எவ்வாறு அமைந்தால் உண்மையாகப் பயன்படும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. நோயின் இயல்பு

நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் உறுப்பு பழுதுபடும்போது வலி தோன்றுவதில்லை என்பதே இந்நோயின் கொடுமை. இரத்தத்தில் 'கிரியேட்டினின்' என்னும் கழிவுப் பொருள் கண்கூடாக உயர்வதற்குள் சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழப் பாதி போய்விடக்கூடும். கால் வீக்கம், மூச்சிரைப்பு, குமட்டல் ஆகியவை பெரும்பாலும் பிற்காலத்து அடையாளங்கள்.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமுமே இந்நோய்க்குத் தலையாய காரணங்கள். எனினும் உழவர்கள் விஷயத்தில் வேறொன்றும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு ஐவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் வழக்கமான காரணங்கள் எவையும் இல்லை. கடும் வெயிலில் நீரின்றி உழைப்பதையே ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். நெசவாளர் விஷயத்திலோ, இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை பெரும் பகையாகும். குழித்தறியில் பத்து மணி நேரம் குனிந்திருப்பவருக்கு அம்மாத்திரை எவ்வளவு அருமையானது என்பதை நாம் அறிவோம்; ஆயினும் சிறுநீரகத்தின் பேரேட்டில் அது கடனாகவே ஏறுகிறது.

2. தூரத்தின் விலை

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோர்க்கு இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிப்பது ஒரு வழி. நெதர்லாந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்னும் வைத்தியர் 1943-ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டினார். இப்பொழுது அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றிலும் இவ்வியந்திரங்கள் உள்ளன. எனினும் வழக்கமாக வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் படுக்கையில் இருந்தாக வேண்டும். பயணத்தையும் களைப்பையும் சேர்த்தால் வாரத்தில் மூன்று நாட்கள் போயின. துணைக்கு வருபவருடைய கூலியும் போயிற்று. சிறுநீரக நிபுணரைக் காண மதுரைக்கே செல்ல வேண்டுமாயின், இராஜபாளையத்திலிருந்து ஒருவழிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். தறியில் பாதியில் நிற்கும் பாவும், பறிக்கும் பருவத்தில் மரத்தில் நிற்கும் மாங்காயும் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டாவது வழி, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்துவது. அமெரிக்காவில் போப்போவிச், மான்கிரீஃப் ஆகிய இருவரும் 1976-இல் இம்முறையை விவரித்தனர். கனடாவில் ஓரியோபௌலஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தி இதனை எளிதாக்கினார். இந்தியாவுக்கு இது 1991-இல் வந்தது. வயிற்றில் பொருத்தப்பட்ட மெல்லிய குழாய் வழியே, வழக்கமாக இரண்டு லிட்டர் மருந்து நீரை உட்செலுத்தி, நான்கு முதல் ஆறு மணி நேரம் உள்ளே இருக்கச் செய்து, பின்னர் வடித்தெடுத்துப் புது நீரை இடுவார்கள். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இயந்திரமும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இத்தகைய பைகளை நோயாளியின் வீட்டிற்கே கொண்டு சேர்ப்பதும் ஒரு பணியாகச் சேர்க்கப்பட்டது. எல்லா நோயாளிக்கும் இம்முறை பொருந்தாது. பொருந்துமா என்பதை நிபுணரே தீர்மானிக்க வேண்டும்.

3. பையின் கணக்கு

இச்சிகிச்சையின் கணக்கு நம் நூல் கணக்கைப் போன்றதே. உள்ளே சென்றது 2,000 மில்லிலிட்டர்; வெளியே வந்தது 2,300 மில்லிலிட்டர் எனில், உடலில் தேங்கிய நீரில் 300 மில்லிலிட்டர் கழிந்தது என்று பொருள். வெளியே வந்தது 1,800 மட்டுமே எனில் 200 உள்ளே தங்கிவிட்டது. ஒரு முறை இவ்வாறு நேர்ந்தால் குழாய் மடங்கியிருக்கலாம், மலச்சிக்கல் காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் உடல் எடை கூடும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். ஆதலின் ஒவ்வொரு முறையும் உட்சென்ற அளவு, வெளிவந்த அளவு, வெளிவந்த நீரின் தெளிவு, அன்றைய உடல் எடை, இரத்த அழுத்தம் ஆகிய ஐந்தையும் குறிக்க வேண்டும். இவ்வைந்து செய்திகள் வைத்தியரிடம் ஒழுங்காகச் சேருமாயின், நோயாளி பஸ் ஏறாமலேயே பல முடிவுகளை அவர் செய்துவிடலாம்.

இவற்றுள் முதன்மையானது தெளிவு. வடிந்த நீர் கலங்கலாக இருந்தால் வயிற்றினுள் கிருமி புகுந்துவிட்டது என்று ஐயுற வேண்டும். அது அன்றே வைத்தியம் செய்யப்பட வேண்டிய ஆபத்து. இதனை அறிய எளிய உபாயம் ஒன்றுண்டு. அச்சடித்த தாள் ஒன்றைப் பையின் பின்புறம் வைத்து எழுத்துக்களைப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் நலம். மங்கினால் உடனே மருத்துவமனை. இவ்வுபாயத்திற்குக் கைப்பேசி வேண்டியதில்லை என்பதையும் மனத்திற் கொள்க.

4. நல்ல கருவியின் இலக்கணம்

கைப்பேசியில் இயங்கும் இத்தகைய கருவியைச் 'செயலி' என்கிறோம். அதை அமைப்போர் பெரும்பாலும் நகரத்தவர். அதைக் கையாள்வோர் சுந்தரபாண்டியத்து நெசவாளராகவும், வத்திராயிருப்பு நெல் விவசாயியாகவும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளியாகவும் இருக்கக்கூடும். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரம் மதுரைத் தூரத்தினும் பெரிது. அதனைக் குறைக்கும் விதிகளாவன:

(அ) பேசும் தமிழில் கேட்க வேண்டும். 'வடிநீர்க் கொள்ளளவு' என்று கேட்டால் படித்தவரும் திகைப்பார். 'பையிலே வந்த தண்ணீர் எவ்வளவு?' என்று கேட்டால் பாட்டியும் விடை சொல்வார். ஒரு திரையில் ஒரு கேள்வியே இருத்தல் வேண்டும். எழுத்துப் பெரிதாக இருப்பதோடு, கேள்வியைக் குரலில் கேட்கவும் வசதி வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர் பலருக்குக் கண்பார்வையும் குறைந்திருக்கும் என்பதைக் கருவி செய்வோர் மறத்தலாகாது.

(ஆ) கைரேகையை மட்டும் நம்பலாகாது. நியாயவிலைக் கடைகளில் நாம் காண்பது யாது? நூலும் மண்வெட்டியும் தேய்த்த விரல்களில் ரேகை பதிவதில்லை. முதியவர் மீண்டும் மீண்டும் விரலை வைத்து நிற்கிறார். அரிசிக்கு நேர்வது மருந்துக்கும் நேரலாகாது. வேறு எளிய வழியும் உடன் இருத்தல் வேண்டும்.

(இ) சைகை கிடைக்காத இடத்திலும் இயங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோப்புகளில் கைப்பேசிக்குச் சைகை வருவதும் போவதுமாக இருக்கும். எழுதியதைக் கருவி தன்னிடமே காத்து வைத்திருந்து, சைகை கிடைத்ததும் அனுப்புதல் வேண்டும்.

(ஈ) பதிந்தது வேறு, படித்தது வேறு. இதுவே எல்லாவற்றினும் தலையாய விதி. உதாரணமாக, ஒரு நெசவாளர் சனிக்கிழமை மாலை பையில் கலங்கல் கண்டு செயலியில் குறிக்கிறார் எனக் கொள்வோம். 'பதிவு செய்யப்பட்டது' என்று திரையில் வருகிறது. மருத்துவமனை பார்த்துவிட்டது என்று நம்பி அவர் காத்திருக்கிறார். அங்கோ திங்கட்கிழமை காலை வரை அதைத் திறப்பார் இல்லை. கருவி பழுதின்றி இயங்கியது. மனிதர் ஆபத்தில் சிக்கினார். ஆதலின் 'உங்கள் கைப்பேசியில் உள்ளது', 'மருத்துவமனைக்குச் சேர்ந்தது', 'செவிலியர் படித்தார்' என்னும் மூன்று நிலைகளும் தனித்தனியே தெரிய வேண்டும். ஆபத்துக் குறி கண்டவிடத்துச் செயலி குறிப்பு எழுதுவதோடு நில்லாது, 'காத்திருக்க வேண்டாம், இப்பொழுதே இந்த எண்ணுக்குப் பேசுங்கள், பையையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்' என்று குரலில் சொல்ல வேண்டும். பால் சங்கத்தில் கொழுப்புச் சத்தின் அளவைக் குறித்த சீட்டு அப்போதே கைக்கு வருவதால்தான் உற்பத்தியாளருக்கு நம்பிக்கை பிறக்கிறது. நோயாளிக்கும் அத்தகைய சீட்டு வேண்டும்.

(உ) எச்சரிக்கை அளவோடு இருத்தல் வேண்டும். சிறு மாற்றத்திற்கெல்லாம் மணி அடிக்கும் கருவியை நோயாளி அணைத்து வைப்பார். நூறு நோயாளிகளின் மணியையும் கேட்கும் செவிலியர் எதையும் கேளாதவராவார். எந்த எண்ணைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே வைத்தியர் வகுத்தல் வேண்டும்.

(ஊ) நிறத்தை மட்டும் நம்பலாகாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதோர் உளர். நிறத்தோடு சொல்லும் படமும் சேர்ந்து வர வேண்டும். நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதை நிறம் மாறும் பட்டைத் தாளைக் கொண்டு வீட்டிலேயே சோதித்து, கைப்பேசியால் படமெடுத்து முடிவறியும் முறை இங்கிலாந்து நாட்டில் வழக்கத்திற்கு வந்துள்ளது. அங்கே தாளை வெறுமனே படமெடுப்பதில்லை. பல நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையின் மீது வைத்தே எடுக்கிறார்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தோன்றும் என்பதே காரணம். சாயமிட்ட நூலை விளக்கொளியில் பார்த்து வாங்கிப் பகலில் ஏமாந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

(எ) திருத்தம் மறையலாகாது. 2,000 என்பதற்குப் பதில் 200 என்று விரல் தவறுவது இயல்பு. கருவி, 'இருநூறுதானா?' என்று ஒரு முறை கேட்க வேண்டும். திருத்தினால் பழைய எண்ணை அழித்துவிடாமல், அடித்து எழுதியதாகக் காட்ட வேண்டும். கணக்கேட்டில் அழித்தெழுதுவதைத் தணிக்கையில் நாம் அனுமதிப்பதில்லை அல்லவா? உயிரின் கணக்கில் மட்டும் அனுமதிக்கலாமா?

(ஏ) காகித ஏடும் உடன் இருக்க வேண்டும். வீட்டில் ஒரே கைப்பேசி. அதை மகன் மில் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் பகல் நேரத்துக் கணக்கு எங்கே ஏறும்? செயலியில் உள்ள வரிசையிலேயே அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்று சுவரில் தொங்குதல் நலம். மாலையில் அதைப் பார்த்துச் செயலியில் ஏற்றலாம்.

(ஐ) இரகசியம் காக்கப்பட வேண்டும். இரத்த வகையும் சிறுநீரகத்தின் நிலையும் சந்தைச் சரக்கல்ல. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர் சிலர், தரகர்களின் வலையில் விழுந்து சிறுநீரகத்தை விற்றதாக 2025-இல் எழுந்த புகாரும், அதன்மீது அரசு விசாரணை நடத்தியதும் நாடறிந்தவை. நெசவாளர் ஊர்களில் இத்தகைய குறிப்புகள் யார் கைக்குப் போகின்றன என்பது வீண் ஐயமன்று. தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ளது. தம் விவரத்தை யார் யார் பார்ப்பர், எதற்காகப் பார்ப்பர் என்று கேட்டறிந்த பின்னரே நோயாளி இசைவு தருதல் வேண்டும்.

5. கருவியினும் பெரியது

சென்னையில் புகழ்பெற்ற சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி அவர்கள், கைப்பேசிகள் கிராமங்களை எட்டாத காலத்திலேயே ஒரு வழி காட்டினார். அவர் முன்னின்று நடத்திய அறக்கட்டளை, 1990-களில் சென்னையை அடுத்த கிராமங்களில், அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பிற்று. அவர்கள் செய்தவை மூன்றே: சில எளிய கேள்விகள் கேட்டனர், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உளவா என்று பார்த்தனர், இரத்த அழுத்தம் அளந்தனர். குறை கண்டோரை வைத்தியர் சோதித்து, விலை குறைந்த மருந்துகளால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினார். இதற்கு ஆன செலவு தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 27 அமெரிக்கக் காசு, அதாவது கால் டாலருக்குச் சற்று மேல், என்று அவர் கணக்குக் காட்டினார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? கேள்வி எளிதாக இருந்தது, கேட்டவர் அவ்வூரார், விடையைப் படிக்க ஒருவர் இருந்தார், படித்த பின் மருந்து கிடைத்தது. இந்நான்கும் உள்ள இடத்தில் பென்சிலும் தாளுமே போதும். இந்நான்கும் இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த செயலியும் வீண்.

6. சங்கம் செய்யக்கூடியவை

வைத்தியம் சங்கத்தின் வேலையன்று. ஆயினும் வைத்தியம் வீட்டை எட்டுவதற்கான பாதையைச் சங்கம் செப்பனிடலாம்.

முதலாவது, இடம். நாளொன்றுக்கு மூன்று பைகள் எனில் மாதத்திற்கு 90. நான்கு எனில் 120. பையொன்று இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆக, 180 முதல் 240 கிலோ வரையிலான பெட்டிகள் ஒரு வீட்டில் வந்திறங்குகின்றன. தறியே வீட்டை நிறைத்திருக்கும் குடும்பம் இவற்றை எங்கே வைக்கும்? மருத்துவமனையின் ஆலோசனை பெற்று, வெயிலும் ஈரமும் படாத கிடங்கு மூலையொன்றைச் சங்கம் ஒதுக்கலாம்.

இரண்டாவது, தூய்மை. பை மாற்றும்போது பஞ்சுத் தூசி பெரும் பகை. அந்த அரைமணி நேரம் தறியையும் மின்விசிறியையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, வாயை மூடிக்கொண்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே குழாயைத் தொட வேண்டும். வீட்டில் தூசி படாத தனி மூலையொன்றை மறைத்துக் கட்ட, சங்கம் சிறு கடன் வழங்குவது தகும்.

மூன்றாவது, அளவுகோல். எடைத் தராசு ஒன்றும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். நூல் வாங்க வரும் நாளில் ஐந்து நிமிடம் அமர்ந்த பின் அழுத்தம் பார்த்துச் செல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரும் சர்க்கரையும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ள அங்கத்தினரைச் சங்கமே அழைத்துச் செல்லலாம்.

நான்காவது, துணை. கைப்பேசி கையாளத் தெரிந்த இளைஞர் ஒருவரும் பெண் ஒருவரும் நோயாளி வீட்டிற்கு வாரம் ஒரு முறை சென்று, கணக்கு ஏறியிருக்கிறதா, ஏறியது படிக்கப்பட்டதா என்று பார்க்கட்டும். அவர்கள் மருந்து சொல்லலாகாது. நோயாளியின் செய்தியை வெளியில் பேசவும் ஆகாது.

7. படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க அங்கத்தினருள் சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளோர் எத்தனை பேர் சென்ற ஓராண்டில் சிறுநீர் சோதித்துக்கொண்டனர்?
2. வலி மாத்திரையை வைத்தியர் சீட்டின்றி வாங்கும் வழக்கம் நம் தெருவில் எவ்வளவு? அதற்கு மாற்றாகத் தறியின் அமைப்பிலும் இருக்கையிலும் செய்யக்கூடியவை யாவை?
3. வெயில் கடுமையான மாதங்களில் வயல் வேலையின் நேரத்தை மாற்றவும், வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் அமைக்கவும் சங்கம் என்ன செய்யலாம்?
4. சனிக்கிழமை மாலை ஒரு நோயாளியின் பை கலங்கினால், நம் ஊரிலிருந்து எந்த எண்ணுக்கு, யாரிடம் பேச வேண்டும்? அது விடுமுறை நாளிலும் எடுக்கப்படுகிறதா? இன்றே அழைத்துப் பார்த்து, விடையைச் சங்கப் பலகையில் எழுதுக.

நான்காவது வினாவை மட்டும் அடுத்த கூட்டத்திற்கு ஒத்தி வைக்க வேண்டாம். ஏனைய மூன்றும் வருங்காலத்தைப் பற்றியவை; இது இந்த வாரத்தைப் பற்றியது.